உங்கள் தோப்பில் நாலு பேர் தங்கப் போகிறார்களா?

(வானொலியில் விவசாயிகளுக்காக நிகழ்த்திய உரை)



இன்றைக்கு உரம், விதை, பூச்சிமருந்து பற்றிப் பேசப் போவதில்லை. நம்ம நிலத்தில் வெளியாட்கள் வந்து ஓரிரு இரவு தங்குவதற்கு இடத்தை எப்படித் தயார் செய்வது என்பதைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். "இதுல என்ன சார் இருக்கு? மரத்தடியைக் கூட்டிப் பெருக்கிவிட்டா வேலை முடிஞ்சுது" என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் தோப்பு நத்தம் பக்கம். மாந்தோப்பு. தை மாதம் வந்துவிட்டால் காரைக்குடிப் பக்கமிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடந்து போகிற பக்தர்கள் சாலை கொள்ளாமல் போவார்கள். பொழுது சாய்ந்ததும், "சாமி, இங்க படுத்துக்கிறலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனசு வரும்? சாலையோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது வருஷா வருஷம் நடக்கிற காரியம்.

இது போக, இப்போது நகரத்துக் குடும்பங்கள் கூடாரத்தைக் காரில் போட்டுக்கொண்டு, "உங்க தோட்டத்துல ரெண்டு நாள் தங்கிக்கிறோம், வாடகை தர்றோம்" என்று வருகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்து வருகிறார்கள். மகாராஷ்டிர அரசு 2020-இல் வேளாண் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நம்ம பக்கமும் தோட்டத்தில் ஆட்களைத் தங்கவைத்துக் கொஞ்சம் வருமானம் பார்க்கிறவர்கள் பெருகி வருகிறார்கள்.

தருமத்துக்கு இடம் கொடுத்தாலும் சரி, காசுக்குக் கொடுத்தாலும் சரி, ஒன்றை மறந்துவிடக் கூடாது. நம்ம நிலத்தில் கிணறு எங்கே, பள்ளம் எங்கே, கம்பி எங்கே என்பது நமக்குத் தெரியும். வந்தவருக்குத் தெரியாது. நடுராத்திரி எழுந்து இருட்டில் நடக்கப் போகிறவர் அவர். ஆகவே அவர் கண்ணால் நம்ம நிலத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த உரை முழுவதும் அதைப் பற்றித்தான்.

எந்த இடம் நல்ல இடம்?

ஆட்டுக்கிடை போட வரும் கீதாரிகளைக் கவனித்திருப்பீர்கள். ஆட்டை வயலில் அடைத்தாலும், அவர்கள் படுப்பதற்கு மேடான இடமாகத்தான் பார்ப்பார்கள். அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. நீங்களும் மேட்டுப்பாங்கான இடத்தையே தேர்ந்தெடுங்கள். செம்மண் சரளை மிகவும் நல்லது. மழை நின்ற சிறிது நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். கரிசல் மண்ணில் ஒரு தூறல் விழுந்தாலே காலை இழுத்துப் பிடிக்கும். கூடாரத்து முளையும் பிடித்து நிற்காது.

ஓடைக்கரை பார்க்க அழகாக இருக்கும். மணல் மெத்தை மாதிரி இருக்கும். வருகிறவர்களும் அங்கேதான் படுக்க ஆசைப்படுவார்கள். இடம் கொடுக்காதீர்கள். மலையடிவாரத்து ஓடையில் நம்ம தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லாமலே வெள்ளம் வரும். மழை மேலே மலையில் பெய்திருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பட்டப்பகலில், அவ்வளவு பேர் கண்முன்னால் நடந்தது அது. ராத்திரியில் தூங்குகிறவன் என்ன செய்வான்? பழைய வெள்ளம் செத்தையும் குப்பையும் ஒதுக்கிவிட்டுப் போன கோடு ஓடைக்கரையில் தெரியும். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே தள்ளி இடம் பாருங்கள்.

அடுத்தது மரம். நிழல் வேண்டும் என்று மரத்தடியில் கூடாரம் போடச் சொல்லுவோம். எந்த மரம் என்று பார்க்க வேண்டும். தென்னை மரத்தடி வேண்டவே வேண்டாம். ஐம்பது அடி உயரத்திலிருந்து விழும் நெற்றுக்கும் மட்டைக்கும் கூடாரத் துணி தடையாகாது. தோப்பு முழுவதும் தென்னைதான் என்றால், காய் பறித்து, காய்ந்த மட்டையையும் பாளையையும் இறக்கிவிட்டு, நாலு மரத்துக்கு நடுவில் மட்டை எட்டாத வெட்டவெளியில் இடம் கொடுங்கள். முருங்கைக் கொம்பின் பலம் நமக்குத் தெரிந்ததுதான். தைல மரமும் சொல்லாமல் கொம்பைப் போடும். புளி, வேம்பு, மா எதுவானாலும், மேலே பட்டுப்போன கொம்பு இருந்தால் முன்கூட்டியே வெட்டி எடுத்துவிடுங்கள். அண்ணாந்து பார்க்கும்போது தேன்கூடு, கதண்டுக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழே அடுப்புப் புகை கிளம்பினால் மேலே உள்ளது சும்மா இருக்காது. மலைத்தேனீக் கூடு இருந்தால் அந்த மரத்துப் பக்கமே வேண்டாம்.

தலைக்கு மேல் மின்கம்பி போகிற இடத்திலும், டிரான்ஸ்பார்மர் பக்கத்திலும் கூடாரம் கூடாது. கூடாரத்து இரும்புக் குழாயை நிமிர்த்தும்போதே ஆபத்து வந்துவிடும்.

கிணறும் பழைய போரும்

நம்ம பக்கத்துப் பாசனக் கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தரையோடு தரையாகச் சதுரமாக வாயைத் திறந்துகொண்டு இருக்கும். வெளியூர்க்காரர் இரவில் ஒன்றுக்குப் போக எழுந்து, நாலு எட்டு வைத்தால் முடிந்தது கதை. சுற்றுச்சுவர் கட்ட வசதி இருந்தால் மூன்றரை அடிக்குக் குறையாமல் கட்டுங்கள். இல்லாவிட்டால் கல்தூண் ஊன்றி, நாலு வரிசை கம்பி கட்டி, ஓர் இடத்தில் மட்டும் படல் வையுங்கள். தூணுக்கு வெள்ளையடியுங்கள், இருட்டில் தெரியும். தங்கும் இடம் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி அமைகிறதோ அவ்வளவுக்கு நல்லது.

தண்ணீர் இல்லாமல் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு இருந்தால், ஆட்கள் வந்தாலும் வராவிட்டாலும், இன்றைக்கே மூடிவிடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, நாடே நாள் கணக்கில் விழித்திருந்து பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அடியிலிருந்து தரை மட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும். சாக்கைப் போட்டு மூடி மேலே மண்ணைத் தள்ளுவது மூடியதாகாது. பிறகு அது உள்வாங்கும்.

ஒரு கூடாரத்துக்கு ஒரு சென்ட்

எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்பீர்கள். சுலபமான கணக்கு சொல்கிறேன். நாலு பேர் படுக்கும் கூடாரத்தின் தரை எட்டடிக்கு எட்டடி இருக்கும். இழுத்துக் கட்டும் கயிறு, நடக்கும் வழி, அடுத்த கூடாரத்துக்கு இடைவெளி எல்லாம் சேர்த்து இருபதடிக்கு இருபதடி விடுங்கள். அது கிட்டத்தட்ட ஒரு சென்ட். பத்துக் கூடாரத்துக்குப் பத்து சென்ட். சமையல், கழிப்பிடம், வண்டி நிறுத்த இன்னொரு பத்துப் பதினைந்து சென்ட். ஆக, கால் ஏக்கரில் நாற்பது பேரை நெரிசல் இல்லாமல் தங்கவைக்கலாம். இடைவெளி எதற்கென்றால், ஒரு கூடாரத்தில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது. இரண்டு கூடாரத்துக்கும் நடுவில் கூடாரத்து உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது வெட்டவெளி இருக்க வேண்டும்.

இடத்தைச் செதுக்கும்போது சீமைக் கருவேல முள்ளையும் வேர்க்கட்டையையும் பொறுக்கி எடுங்கள். மண்வெட்டியால் லேசாகச் சரிவு கொடுங்கள். படுக்கும் இடத்தை உள்ளங்கை அளவு உயர்த்தி, மேல்பக்கம் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால் மழைத்தண்ணீர் கூடாரத்துக்குள் வராது. வயலில் தண்ணீர் விடத் தெரிந்த நமக்கு, தண்ணீரை விலக்கிவிடவா தெரியாது? மணல் தரையாக இருந்து முளை நிற்கவில்லையென்றால், ஒரு சாக்கில் மண்ணை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஓரடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். காற்றுக்கு அசையாது.

கயிறு தடுக்கி விழாமல் இருக்க வெள்ளைத் துணிக் கிழிசலைக் கயிற்றில் அங்கங்கே முடிந்துவிட்டால் போதும். செலவில்லாத வேலை.

குடிக்கத் தண்ணீர்

குடிக்க, சமைக்க, கைகால் கழுவ என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் குறைந்தபட்சம் வேண்டும். குளித்துத் துவைப்பதென்றால் இரண்டு மூன்று மடங்கு ஆகும். நாற்பது பேருக்குக் குறைந்தபட்சக் கணக்கே 600 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றிருந்தால் காரியம் நடக்கும்.

"எங்க கிணத்துத் தண்ணியை நாங்க காலங்காலமாக் குடிக்கிறோம், ஒண்ணும் செய்யலையே" என்பார்கள். உங்களுக்குச் செய்யாது, பழகிய வயிறு. வந்தவருக்கு மறுநாளே வயிற்றோட்டம் வரும். நடைப்பயணத்தில் இருப்பவருக்கு அது வந்தால் என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள்.

தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, தெளிந்த தண்ணீரை நிரப்புங்கள். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் போதும். இரண்டரை கிராமை எப்படி நிறுப்பது? கடையில் 25 கிராம் நிறுத்து வாங்கி, காகிதத்தில் கொட்டிப் பத்துப் பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு இரண்டரை கிராம். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சநேரம் தெளியவிட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்க விட வேண்டும். மீதிப் பொடியை இறுக மூடிய பாத்திரத்தில் நிழலில் வையுங்கள். வெயிலும் காற்றும் பட்ட பழைய பொடிக்குச் சக்தி இராது.

தொட்டிக்குக் குழாய் வைத்துவிடுங்கள். சொம்பை முக்கி எடுக்கவிட்டால் நீங்கள் போட்ட மருந்தெல்லாம் வீண். கை கழுவும் இடத்தில் சோப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். வழிகிற தண்ணீர் சேறாகாமல் ஒரு வாழைக்கோ கருவேப்பிலைக்கோ பாயட்டும்.

கழிப்பிடம் - கூச்சப்படாமல் பேசுவோம்

இந்த விஷயத்தைப் பேசக் கூச்சப்படுவதால்தான் பாதி நோய் வருகிறது. "அவ்வளவு பெரிய தோப்பு, எங்கயாவது ஒதுங்கிக்கிறட்டும்" என்று விட்டுவிட்டால், மூன்று நாளில் ஈ மொய்க்கும்; மழை பெய்தால் எல்லாம் கிணற்றுக்குத்தான் வரும். பெண்களுக்கு வேறு கஷ்டம். இருட்டும் வரை அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமலே நடக்கிறார்கள்.

ஒரு வாரத்துக்குள் முடிகிற முகாம் என்றால் காண கழிப்பிடம் போதும். ஓரடி அகலம், மூன்று முதல் ஐந்தடி ஆழத்தில் வெட்ட வேண்டும். நூறு பேருக்குப் பத்துப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. நாற்பது பேருக்கு ஆண்கள் பக்கம் ஐந்தடி, பெண்கள் பக்கம் ஐந்தடி என்று தனித்தனியாக வெட்டுங்கள். இரண்டு பக்கமும் பலகை போட்டு, தென்னங்கீற்றுத் தட்டியால் ஆளுயரத்துக்கு மறைத்து, உள்ளே நடுவிலும் தடுப்பு வையுங்கள். வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே குவித்து ஒரு கொட்டாங்கச்சி போட்டுவிடுங்கள். போகிற ஒவ்வொருவரும் மண்ணைத் தள்ளிவிட்டு வரவேண்டும். தரை மட்டத்துக்கு ஓரடி கீழே நிரம்பியதும் மண் போட்டு இறுக மூடிவிடுங்கள்.

அடிக்கடி ஆட்கள் வருவார்கள் என்றால் இரட்டைக் குழிக் கழிப்பறை கட்டுவது சிக்கனம். இருபது பேருக்கு ஒன்று வேண்டும். ஒரு குழி நிரம்பியதும் அடுத்ததற்கு மாற்றிவிட்டு, முதல் குழியை இரண்டு ஆண்டு அப்படியே மூடிவைத்தால் வாடையில்லாத எருவாகிவிடும்.

எதுவானாலும் கிணற்றிலிருந்து நூறடி தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். படுக்குமிடத்திலிருந்து நூற்றைம்பது அடிக்கு மேல் போகக் கூடாது. தூரமாக இருந்தால் இரவில் யாரும் போகமாட்டார்கள். வழியில் ஒரு விளக்கு கட்டாயம் வேண்டும். பெண்கள் பக்கக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வையுங்கள்.

அடுப்பும் தீயும்

சமையலுக்கென்று ஒரே ஓர் இடத்தை ஒதுக்குங்கள். கூடாரத்திலிருந்து முப்பதடியாவது தள்ளி, காற்று போகும் திசையில் இருக்கட்டும். சுற்றிலும் பத்தடிக்குச் சருகைக் கூட்டி எடுத்து, ஓரடிப் பள்ளம் தோண்டி, கல் அடுக்கி அடுப்பு போடச் சொல்லுங்கள். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், ஒரு கூடை மணல் எப்போதும் இருக்க வேண்டும். மாமரத்துக்கு அடியில் அடுப்பு கூடாது. அனலில் பூவும் கருகும். மேல் வேரும் வேகும். போகும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்துப் பார்த்து, குளிர்ந்த பிறகுதான் புறப்பட வேண்டும்.

மாசி முதல் வைகாசி வரை புல் காய்ந்து கிடக்கும் காலத்தில், மலையடிவார நிலம் வைத்திருப்பவர்கள் திறந்தவெளித் தீயை அனுமதிக்கவே வேண்டாம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ஆம் தேதி மலையேறப் போனவர்களைச் சூழ்ந்த காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர் போனது. காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது என்பதை அது காட்டியது.

இன்னொன்று. குளிராக இருக்கிறதென்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்து வைத்துக்கொண்டு தூங்குவார்கள். அதைக் கட்டாயம் தடுங்கள். கரிப் புகையில் வாடையே இல்லாத ஒரு நச்சுக்காற்று உண்டு. மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாமல் தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

விளக்கும் மின்சாரமும்

இப்போது சூரியசக்தி விளக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. கிணற்றடி, கழிப்பிடம் போகும் வழி, நுழைவாயில் மூன்றிலும் ஒவ்வொன்று வைத்தால் போதும். மோட்டார் அறையிலிருந்து கம்பி இழுத்து விளக்கு போடாதீர்கள். விவசாயத்துக்கென்று கொடுத்த இலவச மின்சாரத்தை வேறு காரியத்துக்கு எடுப்பது விதிமீறல். ஈரத் தரையில் தற்காலிகக் கம்பி உயிருக்கும் ஆபத்து. முறையான இணைப்பு இருந்தால், மின்கசிவு வந்தவுடன் தானே அறுத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் சாதனத்தைப் பொருத்திய பிறகே கொடுங்கள். மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து டப்பாவும் அந்த அறைக்குள் போய்விட வேண்டும்.

பன்றிக்காக வேலியில் நேரடியாக மின்சாரம் விடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அது குற்றம் என்பது தெரிந்தே செய்கிறார்கள். இருட்டில் அந்த வேலியைத் தொடப் போவது பன்றி மட்டுமில்லை.

வைக்கோல் போரடியில் நடந்தது

இப்போது, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தக் கதைக்கு வருகிறேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். தைப்பூசத்துக்கு நாலைந்து நாள் முன்னால் இருபது பேர் தங்கினார்கள். நல்ல வாடைக்காற்று. எங்கள் வைக்கோல் போர் காற்றை மறைக்கிறது என்று, அதன் ஓரமாகத் தார்ப்பாயை விரித்துப் படுத்தார்கள். "நல்ல இடமாப் பார்த்துப் படுத்தீங்க சாமி" என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.

விடியற்காலை மூன்று மணிக்குக் கதவைத் தட்டினார்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு வயிற்று வலி. ராத்திரி சாப்பிட்ட சுண்டல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஓமத் தண்ணீர் கொடுத்தேன். சோடா கொடுத்தோம். ஒரு மணி நேரம் இப்படியே போனது. அப்போது என் மனைவி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இவரு கண்ணைத் திறக்கவே மாட்டேங்கிறாரு. இமை சரிஞ்சு கெடக்கு. பேச்சும் குழறுது. இது சுண்டல் இல்லைங்க" என்றாள்.

108-க்குப் போன் செய்தோம். வண்டியில் வந்த பையன் ஆளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "தரையிலயா படுத்திருந்தாரு?" என்பதுதான். கட்டுவிரியன் கடி. உடம்பில் எங்கே தேடியும் பல் பதிந்த தடம் இல்லை, வலி இல்லை, வீக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றி, மூன்று நாள் மூச்சுக் கருவியில் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் நான் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.

மறுநாள் போரைப் பிரித்துப் பார்த்தேன். அடியில் ஏழு எலி வளை. வைக்கோலில் உதிர்ந்த நெல்லுக்கு எலி வந்தது. எலிக்குப் பாம்பு வந்தது. பாம்பு வந்த வழியில் நான் ஆட்களைப் படுக்கவைத்திருக்கிறேன்.

நம்ம நாட்டில் பெரும்பாலான உயிரைக் குடிப்பவை நாலு பாம்புகள்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கட்டுவிரியன் இரவில் இரை தேடும், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும், கடித்தது தெரியாது. ஆகவே,

வைக்கோல் போர், விறகுக் கட்டு, செங்கல் அடுக்கு, குப்பைக்குழி இவற்றின் பக்கத்தில் படுக்கை வேண்டாம். சுற்றிலும் முப்பதடிக்குப் புல்லையும் புதரையும் செதுக்கிவிடுங்கள். எலி வளையை அடைத்துவிடுங்கள். மிச்சச் சோற்றை இரவில் வெளியே கிடக்க விடாதீர்கள்.

தரையில் படுப்பவர்களுக்குக் கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடச் சொல்லுங்கள். கொசுவும் வராது, பாம்பும் உள்ளே வராது. நாலு கயிற்றுக் கட்டில் இருந்தால் வயதானவர்களுக்குக் கொடுங்கள். கூடாரம் என்றால் ஜிப்பை முழுக்க மூட வேண்டும். காலையில் செருப்பைத் தட்டிப் பார்த்துப் போட வேண்டும், தேள் இருக்கும். பூண்டுக் கரைசல், பினாயில் தெளித்தால் பாம்பு வராது என்பதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கடித்துவிட்டால் கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டவும் கூடாது. ஆளைப் படுக்கவைத்து, மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை ஒடிந்த எலும்புக்குச் சிம்பு வைப்பது போல அசையாமல் வைத்து, உடனே மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். இந்த நாலு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் நம்ம வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உண்டு. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது என்பதை ஆட்கள் வருவதற்கு முதல் நாளே விசாரித்து, ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் காரணம் தெரியாத வயிற்று வலியும் இமைச் சரிவும் வந்தால் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

புதரோரத்தில் படுத்தவருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து விடாத காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது பீடிச் சூடு பட்டது போலக் கருப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம், "தோப்பில் தங்கினேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு அந்த நினைப்பு வரும்.

இடியும் யானையும்

இடி இடிக்கும்போது கூடாரம் பாதுகாப்பில்லை. ஒற்றைப் பனை, ஒற்றைத் தென்னையடியில் ஒதுங்குவது அதைவிட மோசம். கட்டிய வீட்டுக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். ஆகவே எத்தனை பேரைத் தங்கவைக்கிறீர்களோ, அத்தனை பேரும் ஒண்டிக்கொள்ள ஓர் ஓட்டு வீடோ தளம் போட்ட கொட்டடியோ உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மழைக்காலத்தில் ஆட்களை ஏற்காதீர்கள்.

காட்டோர நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடிப் பக்கம் தனியார் நிலத்துக் கூடாரத்தில் தங்கியிருந்த ஓர் இளம் ஆசிரியை, கூடாரத்துக்கு வெளியே வந்தபோது யானை தாக்கி இறந்தார். யானை போகும் தடம் உங்களுக்குத் தெரியும். பலாவும் வாழையும் பழுக்கும் மாதமும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் காசுக்கு ஆசைப்பட்டுக் கூடாரம் போடாதீர்கள். வீட்டுத் திண்ணையில் படுக்க வையுங்கள்.

நம்ம விவசாயமும் கெடக் கூடாது

தை மாசிதான் மா பூக்கும் காலம். தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கும் காலமும் அதுவே. ஆட்கள் வரப்போகும் நாளைக் கணக்குப் பார்த்து முன்கூட்டியே மருந்தடிப்பை முடித்துவிடுங்கள். மருந்தடித்த ஈரத்தோடு யாரையும் மரத்தடியில் படுக்க விடக் கூடாது. கார்களை மரத்து வேர்மேல் நிறுத்த விடாதீர்கள். மண் இறுகிப் போகும். சோப்புத் தண்ணீரை மரத்துப் பாத்தியில் விடவேண்டாம். பிளாஸ்டிக் குப்பைக்குத் தனிச் சாக்கு கட்டி, "கொண்டு வந்ததைக் கொண்டுபோங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். மாடு தின்றுவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

காசு வாங்கித் தங்கவைப்பவர்கள், பதிவு, அனுமதி என்னென்ன வேண்டும் என்று ஊராட்சியிலும் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வந்தவர் பெயர், ஊர், போன் நம்பர், வீட்டார் நம்பர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர் என்றால் தனி விதி உண்டு. காவல் நிலையத்தில் கேளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ராத்திரி வெளிச்சத்தைப் பார்த்துத் திருடன் என்று அவர் கம்பெடுத்து வரக் கூடாது.

கடைசியாக ஒரு வேலை. ஆட்கள் வருவதற்கு முன்னால், ஓர் அமாவாசை இரவில், நீங்களும் வீட்டிலுள்ள இன்னொருவரும் டார்ச் இல்லாமல் தங்கும் இடத்திலிருந்து கழிப்பிடத்துக்கு நடந்து பாருங்கள். எங்கே கால் தடுக்குகிறதோ, எங்கே நின்று தயங்குகிறீர்களோ, மறுநாள் அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். எங்கள் தோப்பில் நானும் என் மனைவியும் வருஷா வருஷம் மார்கழி அமாவாசையில் இதைச் செய்கிறோம். போன தடவையும் இரண்டு இடத்தில் தடுக்கியது.

அந்த வைக்கோல் போர் இப்போது வீட்டுக்குப் பின்னால், தோப்பை விட்டுத் தள்ளி இருக்கிறது. அந்தச் சாமி இன்னும் வருஷந்தோறும் நடந்துதான் வருகிறார். வந்ததும், "என் கட்டில் எங்கே?" என்றுதான் கேட்பார்.